ஒரே குரூப்தான், ஆனாலும் ஏன் சேரவில்லை?

தலசீமியா, சிக்கிள் செல் போன்ற ரத்த நோய்களால் வாழ்நாள் முழுக்கவோ அவ்வப்போதோ ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இந்த இதழில். ரத்தமாற்று மருத்துவர்களும் ரத்த வங்கித் தொழில்நுட்பர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மகளுக்கு 6 வயது. தலசீமியா மேஜர். பி பாசிட்டிவ். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றுகிறோம். போன முறை நான்கு பை எடுத்துப் பார்த்து, நான்குமே ‘கிராஸ் மேட்ச் ஆகவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். நான்கும் பி பாசிட்டிவ்தான். குரூப் ஒன்றாக இருந்தும் எப்படிச் சேராமல் போகும்? (ஒரு தாய், தருமபுரி)

பதில்: ‘பி பாசிட்டிவ்’ என்பது ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் மட்டும் எழுதிய முகவரி. கதவு எண் அதில் இல்லை. சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் அடையாளங்களை ஆன்டிஜன் என்கிறோம். அவற்றை 40-க்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏபிஓ அதில் ஒரு குடும்பம், ஆர்எச் இன்னொன்று. ஆர்எச் குடும்பத்தில் ‘டி’ என்ற அடையாளம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அதே குடும்பத்தில் பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ என்று இன்னும் நான்கு முக்கியமான அடையாளங்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பையில் ஒட்டிய லேபிள் வழக்கமாக ஒன்றும் சொல்லாது. கெல், டஃபி, கிட், எம்என்எஸ் குடும்பங்கள் வேறு இருக்கின்றன.

விபத்தில் அடிபட்டு ஒரே ஒரு தடவை ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு இந்த நுணுக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. உங்கள் மகள் கதை வேறு. மூன்று வாரத்துக்கு ஒரு பை என்றால் ஆண்டுக்கு 17 பை. ஐந்து ஆண்டில் 85 பேருடைய ரத்தம் அவள் உடம்புக்குள் போயிருக்கும். அவளிடம் இல்லாத ஓர் அடையாளம் திரும்பத் திரும்ப உள்ளே வந்தால், ஏதோ ஒரு கட்டத்தில் உடம்பு அதை அந்நியன் என்று முடிவு கட்டி ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்துவிடும். அதற்குப் பிறகு அந்த அடையாளம் உள்ள எந்தப் பை வந்தாலும் அழிக்கப் பார்க்கும். கிராஸ் மேட்ச் செய்யும்போது அவளுடைய பிளாஸ்மாவும் கொடையாளரின் சிவப்பணுவும் 37 டிகிரியில் கூம்ஸ் முறையில் (அணுவில் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) சந்திக்கின்றன. அந்தச் சண்டைதான் ஜெல் கார்டு என்ற சோதனை அட்டையில் தெரிந்திருக்கிறது. பையை நிறுத்தியது சரியான காரியம்.

நான்கில் நான்கும் தோற்றது என்பதே ஒரு துப்பு. நம் நாட்டில் தலசீமியா பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் ஆன்டிபாடிகள் பெரிய ஈ, சின்ன சி, கெல் ஆகியவற்றுக்கு எதிரானவை. பெரிய ஈ நம் கொடையாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம்தான் உண்டு. அதற்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் என்றால் நான்கு பையில் ஒன்றுதான் தோற்றிருக்கும், அல்லது ஒன்றுகூடத் தோற்றிருக்காது. கெல் அடையாளம் நூற்றில் ஓரிருவரிடம்தான். சின்ன சி பத்தில் ஐந்தாறு பேரிடம் உண்டு. ஆகவே சின்ன சி ஆன்டிபாடியாக இருக்கலாம், இரண்டு மூன்று ஆன்டிபாடிகள் கூட்டாக இருக்கலாம், இல்லையென்றால் தன் அணுவையே தாக்கும் ஆட்டோ ஆன்டிபாடியாக இருக்கலாம். ஊகத்தை வைத்துக்கொண்டு அடுத்த பையைத் தேடுவது இருட்டில் துழாவுவதுதான். செய்ய வேண்டிய வரிசை: மூன்று செல் ஸ்கிரீனிங் (ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க), அது பாசிட்டிவ் என்றால் 11 செல் பேனல் (அது எந்த ஆன்டிபாடி என்று பார்க்க), கூடவே நேரடி கூம்ஸ் சோதனை (அவள் உடம்பில் ஓடும் அணுக்களிலேயே ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க). நேரடி கூம்ஸும் பாசிட்டிவ் என்றால் ஆட்டோ ஆன்டிபாடியை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்கு அடியில் வேறு ஆன்டிபாடி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருப்பதால் அவளுடைய சொந்த அணுவை வைத்து உறிஞ்சக் கூடாது. கலந்திருக்கும் கொடையாளர் அணு, தேட வேண்டிய ஆன்டிபாடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அடையாளம் தெரிந்த வேற்றாள் அணுவை வைத்துத்தான் செய்வார்கள். பேனல் வசதி எல்லா ரத்த வங்கியிலும் இருக்காது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது பெரிய ரத்த மையத்துக்கு மாதிரியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஆன்டிபாடி எது என்று தெரிந்துவிட்டால் தேடுவது வெறும் கணக்கு. சின்ன சி இல்லாதவர் பத்தில் நான்கு பேர், கிட் குடும்பத்தின் ஏ அடையாளம் (கிட் ஏ) இல்லாதவர் ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இல்லாதவர் 0.4 × 0.2, அதாவது நூற்றில் 8 பேர். இரண்டு பை வேண்டும் என்றால் சராசரியாக 25 பையைச் சோதிக்க வேண்டும். ‘நாளைக்கு வாங்க’ என்று வங்கியில் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். பி குரூப் பிள்ளைக்கு ஓ குரூப் ‘பேக்டு செல்’லும் (பிளாஸ்மா பிரித்த சிவப்பணு) ஏற்றலாம் என்பதால் அந்தப் பைகளையும் சேர்த்தே தேடுவார்கள்.

கேள்வி: 8 மாதக் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் முதல் தடவையாக ரத்தம் ஏற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் நாங்கள் என்ன கேட்க வேண்டும்? (ஒரு தந்தை, திருச்சி)

பதில்: மிகச் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். முதல் பைக்கு முன்னால் செய்தால் எளிதாக முடிகிற ஒரு வேலை, முதல் பைக்குப் பின்னால் பெரும்பாடு ஆகிவிடும்.

‘எக்ஸ்டென்டட் ஃபினோடைப்’ எடுக்கச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாயில் 2 அல்லது 3 மி.லி. ரத்தம் போதும். ஏபிஓ, டி தவிர பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ, கெல், டஃபி ஏ, பி, கிட் ஏ, பி, எம், என், பெரிய எஸ், சின்ன எஸ் என எல்லாமே குழந்தையின் சொந்த அணுவில் இருக்கிறதா இல்லையா என்று குறித்துவிடலாம். இதுதான் பிள்ளையின் ஆயுளுக்கான வரைபடம். நாளைக்கு ஓர் ஆன்டிபாடி முளைத்தால் எது சாத்தியம், எது சாத்தியமே இல்லை என்று இதை வைத்துத்தான் பிரிப்பார்கள். கிட் ஏ உள்ள குழந்தைக்குக் கிட் ஏ எதிர்ப்பு வராது என்று, சந்தேகம் எழுந்த உடனே தள்ளிவிடலாம்.

இரண்டாவது, முதல் பையில் இருந்தே ஏபிஓ, டி-யுடன் பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ, கெல் ஆகியவற்றையும் பொருத்திக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். சர்வதேசத் தலசீமியா வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் குறைந்தபட்சம் இது. எல்லா அடையாளங்களையும் பொருத்த முயன்றால் பை கிடைக்காது. இந்த ஐந்தைப் பொருத்தினாலே வரக்கூடிய ஆன்டிபாடிகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

மூன்றாவது, வெள்ளையணு நீக்கிய ரத்தமா என்று கேளுங்கள். சேமிப்பதற்கு முன்பே நீக்கியது சிறந்தது. அது இல்லையென்றால் படுக்கையருகே பொருத்தும் வெள்ளையணு ஃபில்டர் வாங்கி வைக்கச் சொல்வார்கள். சாதாரண டிரிப் செட்டில் உள்ள 170–200 மைக்ரான் வலை கட்டிகளை மட்டுமே பிடிக்கும், வெள்ளையணுவை விட்டுவிடும். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முடிந்ததா என்றும் அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

ரத்தம் ஏற்றத் தொடங்கும் முடிவையும் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எடுப்பதில்லை. காய்ச்சல், தொற்று போன்ற வேறு காரணம் இல்லாமல், இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அல்லது வளர்ச்சி நிற்பது, முக எலும்பு மாறுவது போன்ற அறிகுறி தெரிய வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மகனுக்கு 11 வயது ஆகிவிட்டது, பத்தாண்டாக ரத்தம் ஏறுகிறது. இனி அந்த வரைபடம் எடுக்க முடியாதா? (வாசகி, வேலூர்)

பதில்: முடியும், வழி மட்டும் வேறு. இப்போது சாதாரண முறையில் சோதித்தால் ஜெல் கார்டில் பாதி அணு மேலேயும் பாதி கீழேயும் நிற்கும். அடையாளம் இருப்பதால் மேலே நிற்பது மகனுடையதா கொடையாளருடையதா என்று சொல்ல முடியாது. ரத்தம் ஏற்றாமல் மூன்று மாதம் இருந்தால் தெரிந்துவிடும், ஆனால் தலசீமியா பிள்ளையை அப்படி விட்டுவைக்க முடியாது. அதனால் டிஎன்ஏ வழியாகப் பார்ப்பார்கள். கொடையாளர் ரத்தத்தில் மிஞ்சும் வெள்ளையணுக்கள் அதில் குழப்பம் செய்வதில்லை. செலவு கூடுதல்தான், ஆனால் ஆயுளுக்கு ஒரு தடவை எடுத்தால் போதும்.

கேள்வி: அவசரத்துக்கு ஓ நெகட்டிவ் யாருக்கும் ஏற்றலாம் என்கிறார்களே? மகளுக்குச் சின்ன சி ஆன்டிபாடி இருக்கிறது. ஊரில் ஓ நெகட்டிவ் கொடையாளர் நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள். (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் மகளுக்கு ஓ நெகட்டிவ் ஏறக்குறைய நிச்சயமான ஆபத்து. நெகட்டிவ் என்பது ‘டி’ இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. டி இல்லாதவர்கள் பெரும்பாலும் எல்லோருமே இரண்டு பெற்றோர் வழியாகவும் சின்ன சி-யைச் சுமப்பவர்கள். அதாவது அந்த நான்கு பேரிடமும் உங்கள் மகள் உடம்பு எதிர்க்கிற அடையாளம் இருக்கும். அவளுக்குப் பொருந்துவது பெரிய சி இரண்டு கொண்ட டி பாசிட்டிவ் ரத்தம். நல்ல வேளையாக நம் ஊர்களில் அந்த வகை தாராளமாக உண்டு, அதில் பெரிய ஈ-யும் அநேகமாக இருக்காது.

‘யாருக்கும் பொருந்தும் ரத்தம்’ என்ற பேச்சு, ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கான பேச்சு. ஆம்புலன்ஸில் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அவசரப் பிரிவில் நல்லெண்ணத்தோடு ஓ நெகட்டிவ் பையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். ‘சின்ன சி ஆன்டிபாடி உண்டு, ஓ நெகட்டிவ் கூடாது’ என்று மகளின் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

கேள்வி: என் குரூப்பும் மகன் குரூப்பும் ஒன்றே. ஊரார் ரத்தத்தைவிட என் ரத்தம் நல்லதுதானே? (ஒரு தந்தை, விழுப்புரம்)

பதில்: வேண்டாம். நெருங்கிய உறவினரின் வெள்ளையணுக்களைப் பிள்ளையின் உடம்பு தன்னுடையது என்று நினைத்து விட்டுவைக்கும், அவை வளர்ந்து பிள்ளையைத் தாக்கும். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் பிழைப்பது கடினம். ஃபில்டர் போட்டாலும் இதற்குப் போதாது, 25 கிரே கதிர்வீச்சு கொடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று வந்தால், வீட்டாருடைய ரத்தம் முன்பே ஏறியிருப்பது மஜ்ஜையை நிராகரிக்கும் வாய்ப்பைக் கூட்டும். உங்கள் ரத்தத்தை வங்கிக்குக் கொடுங்கள், வேறு யாருக்காவது போகட்டும்.

கேள்வி: தங்கைக்கு ரத்தம் ஏற்றி எட்டு நாள் கழித்துக் கண் மஞ்சளாகி, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்தோம். ஹீமோகுளோபின் 9.5-இல் இருந்து 6.8 ஆகிவிட்டது. ரத்தம் ஏற்றியது எட்டு நாள் முன்பு என்பதால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காதுதானே? (வாசகர், மதுரை)

பதில்: அதற்கும் இதற்கும்தான் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். தாமதமான ரத்த அழிவு என்று இதற்குப் பெயர். ரத்தம் ஏற்றிய 3 முதல் 14 நாளுக்குள் வழக்கமாக வரும், சில சமயம் 28 நாள் வரைகூடத் தள்ளிப்போகும்.

எப்போதோ ஓர் ஆன்டிபாடி உருவாகியிருக்கும். சில மாதங்களில் அது சோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிடும். ஸ்கிரீனிங் நெகட்டிவ், கிராஸ் மேட்ச் சரி, பை ஏறிவிடும். ஆனால் உடம்பு மறக்கவில்லை. அதே அடையாளத்தைத் திரும்பப் பார்த்ததும் ஒரு வாரத்துக்குள் ஆன்டிபாடி பெருகி, ஏற்றிய அணுக்களை எல்லாம் உடைத்துவிடும். இப்படி ஒளிந்து விளையாடுவதில் கிட் குடும்பத்து ஆன்டிபாடி கெட்ட பெயர் எடுத்தது.

இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின், பிலிருபின், எல்டிஎச் (இரண்டும் அணு உடைவதைக் காட்டும்), நேரடி கூம்ஸ் சோதனையுடன் புதிய மாதிரியில் ஆன்டிபாடி ஸ்கிரீனிங் செய்ய வேண்டும். சிறுநீர் போவது குறைந்தால் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். ஏற்றிய நாள் அன்று எடுத்த மாதிரி வங்கியில் இன்னும் இருந்தால், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறிகுறி தெரிந்த அன்று ஸ்கிரீனிங் நெகட்டிவ் என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். புதிதாய் உருவான ஆன்டிபாடி முழுக்க அணுக்களில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்மாவில் மிச்சம் இருக்காது. கல்லீரல் கோளாறு என்று முடிவு கட்டி, ஹீமோகுளோபின் குறைந்ததற்காக அதே மாதிரி இன்னொரு பையை ஏற்றுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. கீழாநெல்லிக்கு இங்கே வேலை இல்லை.

கேள்வி: கூடலூர்ப் பக்கம். அண்ணன் மகனுக்குச் சிக்கிள் செல். ஹீமோகுளோபின் 8 இருக்கிறது. ரத்தம் ஏற்றச் சொல்லிக் கேட்டும் மருத்துவர் தயங்குகிறார். தலசீமியா பிள்ளைகளுக்கு மட்டும் உடனே ஏற்றுகிறார்கள். (வாசகர், நீலகிரி)

பதில்: மருத்துவர் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே உங்கள் நீலகிரி மலைப் பழங்குடியினரிடம்தான், 1952-இல். அந்த நோயில் 8 கிராம் என்பது பலருக்கு வழக்கமான அளவு. உடம்பு அதற்குப் பழகியிருக்கும். தேவையில்லாமல் ஏற்றி 10 கிராமுக்கு மேல் போனால் ரத்தம் கெட்டிப்பட்டு, வளைந்த அணுக்கள் குழாயை அடைக்கும். பக்கவாதம், கடுமையான நெஞ்சுப் பாதிப்பு போன்றவை வந்தால் ஏற்றுவார்கள். அப்போதும் பழைய ரத்தத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றும் மாற்று முறையை நாடி, சிக்கிள் ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள்.

பொருத்தம் இங்கே தலசீமியாவைவிடக் கறாராக இருக்க வேண்டும். ஆன்டிபாடி வந்தால் சிலருக்கு ஏற்றிய அணுவோடு சேர்த்துச் சொந்த அணுவும் உடையும். ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிட ஹீமோகுளோபின் கீழே போய்விடும். அந்த நேரத்தில் மேலும் ரத்தம் ஏற்றினால் இன்னும் மோசமாகலாம். எப்போதாவது மட்டும் ரத்தம் ஏற்றுபவர்கள் என்பதால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மருத்துவமனை, வேறு வேறு பதிவேடு. பழைய ஆன்டிபாடி விவரம் தொலைந்துபோவதும் இவர்களிடம்தான் அதிகம்.

கேள்வி: பொருத்தம் எல்லாம் சரியாக இருந்தால் இரும்புச் சத்து சேராதா? (வாசகி, சேலம்)

பதில்: சேரும். ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது, அதற்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள், இரும்பை வெளியேற்றும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு ரத்தம், எத்தனை மணி நேரம் ஏற்ற வேண்டும்? கூட்டமாக இருந்தால் நர்ஸ் வேகமாக விடுகிறார். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பையை வெந்நீரில் வைக்கலாமா? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: வெந்நீர், வெயில், அக்குளில் வைத்துக்கொள்வது எதுவும் வேண்டாம். சூடு அதிகமானால் அணுக்கள் பைக்குள்ளேயே உடையும். பொருத்தம் சரியாக இருந்தும் சிறுநீர் சிவப்பாகப் போகும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: எடை × உயர்த்த வேண்டிய ஹீமோகுளோபின் × 3. இதைப் பையில் உள்ள சிவப்பணு விகிதத்தால் வகுக்க வேண்டும். 20 கிலோ பிள்ளைக்கு 3 கிராம் உயர வேண்டும், பையில் அணு 60 சதவீதம் என்றால் 20 × 3 × 3 ÷ 0.6 = 300 மி.லி. வேகம் கிலோவுக்கு மணிக்கு 5 மி.லி., அதாவது 100 மி.லி. ஆக மூன்று மணி நேரம். இதயம் பலவீனமான பிள்ளைக்கு இன்னும் மெதுவாக, குறைந்த அளவாகக் கொடுப்பார்கள். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த 30 நிமிடத்துக்குள் தொடங்கி 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அடுத்த தடவை ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9-க்கும் 10.5-க்கும் இடையில் இருந்தால் அளவும் இடைவெளியும் சரி என்று பொருள்.

முதல் 15 நிமிடம் மெதுவாக விடச் சொல்லுங்கள், பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். நடுக்கம், இடுப்பு வலி, மூச்சிரைப்பு, தடிப்பு எது வந்தாலும் கிளாம்பை மூடிவிட்டுக் கூப்பிடுங்கள். மூடிய பையைத் தூக்கி எறிய விடாதீர்கள், வங்கி அதைத் திரும்பக் கேட்கும். அதே குழாயில் சலைன் தவிர வேறு எதுவும் கலக்கக் கூடாது. குளுக்கோஸ் அணுவை வீங்கவைத்து உடைக்கும், ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும். ஊசியில் செருகுவதற்கு முன் பையில் உள்ள பெயர், நோயாளி எண், குரூப் மூன்றையும் பிள்ளையின் கைப்பட்டையோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குரூப் மாறி உயிர் போகும் சம்பவங்கள் பெரும்பாலும் சோதனைக்கூடத்தில் அல்ல, பெயர் மாறிய படுக்கையில்தான் தொடங்குகின்றன.

கேள்வி: வேலைக்காகச் சென்னைக்கு மாறுகிறேன். எனக்கு 24 வயது, தலசீமியா. பெரிய ஈ ஆன்டிபாடி 2016-இல் வந்தது, இப்போது டெஸ்டில் தெரிவதில்லை. புது மருத்துவமனையில் சொல்ல வேண்டுமா? (வாசகி, கோவை)

பதில்: தெரியாவிட்டாலும் இருக்கிறது என்றே கணக்கு. ஒரு தடவை பிடிபட்ட ஆன்டிபாடிக்கு ஆயுள் முழுக்கப் பெரிய ஈ இல்லாத பைதான். மேலே மதுரை வாசகர் எழுதியது இந்த விவரம் விடுபட்டால் நடக்கக்கூடியதுதான்.

கோவை வங்கியில் முத்திரையோடு ஓர் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஏபிஓ, டி, முழு ஃபினோடைப், எந்த ஆன்டிபாடி எப்போது முதலில் தெரிந்தது, இதுவரை வந்த ஒவ்வாமை, ஃபில்டர் அல்லது கழுவிய அணு தேவையா, மண்ணீரல் எடுத்தாயிற்றா, கடைசியாக ஏற்றிய தேதி, வங்கியின் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். லாமினேட் செய்யாதீர்கள், புதிதாக ஏதாவது வந்தால் எழுத இடம் வேண்டும். அட்டையைப் படம் எடுத்து ஃபோனில் வைத்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவரின் கிராஸ் மேட்ச் மாதிரிக்கு மூன்று நாள்தான் ஆயுள். அதனால் ஏற்றும் தேதிக்கு இரண்டு நாள் முன்பு மாதிரி கொடுப்பது தோதாக இருக்கும், பெரிய ஈ இல்லாத பை தேட வங்கிக்கும் நேரம் கிடைக்கும். மாதிரியோடு அட்டையின் நகலையும் சேர்த்தே கொடுங்கள். பை படுக்கைக்கு வந்த பிறகு அட்டையைக் காட்டினால் அந்தப் பையைத் திருப்பி அனுப்பிவிட்டு முதலில் இருந்து தேட வேண்டியிருக்கும், அன்றைய லீவும் வீணாகும்.